பூரித்த முகம்

என் தங்கை அங்கம்மாவின் புருஷன் ஜம்புலிங்கம் குடித்தது சாராயம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாரிவாக்கத்தில் இன்றைக்கும் பாதிப் பேர் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். அது என் காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் லாரிகளுக்கு பேட்டரி சார்ஜ் போடும் கடை ஒன்றில் அவர் வேலை பார்த்தார். டிஸ்டில் வாட்டரையும் ஆசிட்டையும் ஒரே மாதிரி பிராந்தி பாட்டிலில் ஊற்றி ஒரே பலகையில் வைக்கிற புத்திசாலி முதலாளி. பங்குனி வெயில், தாகம், வாசலில் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். பாட்டில் மாறி ஒரு வாய் எடுத்தார். துப்புவதற்குள் பாதி உள்ளே போய்விட்டது.

உயிர் போகவில்லை. ஆனால் உள்ளே வெந்து போன உணவுக்குழாய் ஆற ஆறச் சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் சோறு இறங்கவில்லை. பிறகு கஞ்சி இறங்கவில்லை. கடைசியில் தண்ணீரே சொட்டுச் சொட்டாகத்தான் போனது, அதிலும் பாதி மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. உள்ளூர் வைத்தியம், வேப்பிலை, மந்திரித்த தண்ணீர் என்று ஆனி மாதம் வரை ஓட்டினார்கள். அதற்குப் பிறகுதான் நான் ஆவடியிலிருந்து போய்ச் சத்தம் போட்டு, பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரைக் கிளப்பினேன். பஸ்ஸில் ஏற்றும்போது கண்டக்டர், "பெரியவருக்கு எடம் குடுங்கப்பா" என்றார். அவருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அங்கம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில், உணவுக்குழாயை விரிக்கிற வேலையெல்லாம் பிறகு, முதலில் உடம்பு தேறட்டும் என்றார்கள். வயிற்றில் சின்னதாக ஓட்டை போட்டு, ஒரு ரப்பர் குழாயை நேரே இரைப்பைக்குள் வைத்துத் தைத்தார்கள். குழாயின் வெளி முனையில் புனலைப் பொருத்தி ஊற்றினால் ஆகாரம் தானாக இறங்கும். வாயும் வேண்டாம், தொண்டையும் வேண்டாம்.

முதல் நாள் அதில் ஊற்றியது கண்ணாடி மாதிரி இருந்த கஞ்சித் தண்ணீர், அதுவும் அரை டம்ளர். கூடவே இரண்டு ஊசி. மறுநாளும் அதேதான். ஜம்புலிங்கத்தின் அம்மா முத்தம்மாள் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வார்டு டாக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா இது, கோழிக்குஞ்சுக்கு ஊத்தற மாதிரி ஊத்தறீங்க? எம்புள்ள மாசக்கணக்கா பட்டினி கீறான். எங்க ஊட்ல ரெண்டு எருமை கறக்குது. இன்னா ஓணும்னு சொல்லுங்க, எடுத்துகினு வரேன்."

டாக்டரம்மா சின்னப் பெண்தான். கோபித்துக்கொள்ளவில்லை. எங்கள் மூன்று பேரையும் வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துச் சொன்னாள்.

"அம்மா, இத்தனை மாசமா இவர் உடம்பு தன்னையேதான் தின்னுட்டு இருந்திருக்கு. ரத்தத்துல இருக்கவேண்டிய உப்புச் சத்தெல்லாம் அடிமட்டத்துல இருக்கு. இப்ப திடீர்னு நெறைய ஆகாரம் உள்ள போனா, அதைச் செரிக்கிறதுக்கு உடம்பு அந்த மிச்ச உப்பையும் இழுத்துக்கும். இதயம் துடிக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது. பட்டினியில பிழைச்சவங்க சாப்பாட்டுல போயிடுவாங்க. அதனால கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும், தினம் ரத்தம் பாக்கணும். ரெண்டு வாரம் இங்கயே இருக்கட்டும். கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிஷம்கூட தாமதிக்கக் கூடாது."

நான் தலையாட்டினேன். அங்கம்மா தலையாட்டினாள். முத்தம்மாள் அத்தை தலையாட்டவில்லை.

"சோறு துன்னா சாவுவாங்களா? எந்த ஊர்ல?" என்றாள், டாக்டரம்மா அந்தப் பக்கம் போனதும்.

முத்தம்மாள் அத்தை கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை போட எனக்கு வசதியாக இருந்திருக்கும். மகன் சோறு தின்னாத நாளிலிருந்து அவளும் சோற்றைத் தொடவில்லை. இருந்த கொல்லை நிலத்தில் பாதியை பிளாட் போடுகிறவனுக்கு விற்றுத்தான் மருத்துவச் செலவைப் பார்த்தாள். ஊர் பொன்னியம்மனுக்கு வேண்டுதலும் வைத்திருந்தாள்: பிள்ளை வயிற்றில் ஆகாரம் இறங்கினால், வருகிற ஆடிக் கூழை அவள் கையால் காய்ச்சி ஊற்றுவாள், அதில் முதல் கூழ் பிள்ளைக்கு. இறங்கிவிட்டது. ஆடி மாதமும் பிறந்துவிட்டது. ஊரில் கூழ் வார்க்க ஞாயிற்றுக்கிழமை குறித்திருந்தார்கள்.

புதன்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டில் காலி. பக்கத்துக் கட்டில்காரர்தான் சொன்னார், "அவரு அம்மா சொந்தப் பொறுப்புல இட்டுகினு போயிட்டாங்கம்மா. டாக்டரு எவ்ளோ சொல்லியும் கேக்கல. மாத்திரை குடுத்தாங்க, வாங்கிகினு போனாங்க."

அன்றைக்கே பாரிவாக்கம் போயிருக்க வேண்டியதுதானே என்று இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அங்கேதான் போனேன். வாசலிலேயே அத்தை நிறுத்தினாள். "நீ பொண்ணு ஊட்டு மனுசி. வந்தியா, ஒரு வாய் மோரு குடிச்சியா, போயிகினே இரு. எம்புள்ளைக்கு இன்னா குடுக்கறதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். வாசற்படிக்கு உள்ளே அங்கம்மா நின்றாள். அவளிடம் மட்டும், "அரை டம்ளர், கொஞ்சம் கொஞ்சமா, காலைப் பாத்துக்கோடி" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு வந்தேன். வழி நெடுக பஸ்ஸில் எனக்கு அழுகையும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன.

சனிக்கிழமை ஆவடி மார்க்கெட்டில் பாரிவாக்கத்துக் கீரைக்காரியைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் அவளுக்கு வாயெல்லாம் பல்.

"உன் தங்கச்சி ஊட்டுக்காரன் தேறிட்டான்மா! நேத்து ஜன்னல் வழியா பாத்தேன். முகம் அப்டியே பூரிச்சிப் போய்க் கீது. சதை போட்டுட்ச்சி. எல்லாம் ஆத்தா புண்ணியம்."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது, ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துவிட்டது. கீரையை வாங்கிப் பையில் போட்டேன். எங்கள் ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் கேட் வரைக்கும் நடந்தேன். அங்கேதான் கால் நின்றது. எலும்பும் தோலுமாகப் போன மனுஷனுக்கு மூன்றே நாளில் எப்படிச் சதை போடும்? மூன்று நாளில் ஆட்டுக்குட்டிகூடத் தேறாதே. கையிலிருந்த பை கனத்தது. என் வீட்டுக்காரருக்கு அன்று ஃபாக்டரியில் இரண்டாவது ஷிஃப்ட். பிள்ளைகளைத் தனியாக விட்டுவிட்டுக் கிளம்ப வழியில்லை. விடிந்ததும் முதல் பஸ் பிடித்தேன்.

பருத்திப்பட்டு தாண்டும்போதே பம்பைச் சத்தம் கேட்டது. வழியில் எந்த ஊரைப் பார்த்தாலும் வேப்பிலைத் தோரணமும் ஒலிபெருக்கியும்தான். பாரிவாக்கம் கோயில் பக்கம் அடுப்பு மூட்டிப் பெரிய பெரிய பானைகளில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. முத்தம்மாள் அத்தை மஞ்சள் புடவையில், ஈரத் தலையோடு, ஒரு பானையைத் துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என்னைப் பார்த்ததும் புதன்கிழமைச் சண்டையையே மறந்துவிட்டாள்.

"வா எல்லம்மா, வா. வந்து பாரு எம்புள்ளய. உன் டாக்டரு இன்னாவோ சொன்னாளே, வந்து பாரு. ஆனா ஒண்ணு, பாத்தா பாத்துகினு கம்முனு வா. முகம் பூரிச்சிட்ச்சி, நல்லா கீதுன்னு வாயத் தொறந்து சொல்லிடாத. ஏற்கெனவே ஊர்க் கண்ணு மொத்தமும் அவன் மேலதான்."

வீட்டு வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கியது. கதவு சாத்தியிருந்தது. ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பழைய புடவையைக் கட்டி மறைத்திருந்தார்கள். கீரைக்காரி பார்த்துவிட்டுப் போன பிறகு அத்தை அப்படிச் செய்தாளாம். யார் வந்து கேட்டாலும் தூங்குகிறான் என்று சொல்ல வேண்டும், எப்படி இருக்கிறான் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. பூந்தமல்லி ஹெல்த் சென்டரிலிருந்து விசாரிக்க வந்த நர்ஸம்மாவையும் அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

உள்ளே இருட்டு. சுவரில் தலையணையைச் சாய்த்து, அதில் சாய்ந்து ஜம்புலிங்கம் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் குழந்தைக்கு வைப்பது போல ஒரு பெரிய மைப்பொட்டு. முகம் உண்மையிலேயே வட்டமாக இருந்தது. கண் இமைகள் தடித்துக் கண்ணே சின்னதாகிவிட்டது. கழுத்தெலும்பு மட்டும் பழையபடி துருத்திக்கொண்டிருந்தது. அந்த முகம் வேறு யாருடையதோ போலவும், கீழே இருக்கிற உடம்பு மட்டும் அவருடையது போலவும் தோன்றியது.

"வாக்கா," என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

"படுக்க வேண்டியதுதானே தம்பி?"

"படுத்தா... மூச்சு முட்டுது. ராவுல ஒக்காந்துகினேதான் கீறேன். வெரலெல்லாம் மரத்துப் போவுது. அம்மா கையில சொல்லாத. அதுக்கு... இத்தினி நாளு கழிச்சி இப்பதான் சிரிப்பு வந்துகீது."

நான் போர்வையை விலக்கினேன். பாதம், கணுக்கால், முழங்கால் வரை பளபளவென்றிருந்தது. முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தேன். பிசைந்த மாவில் அழுத்தினது போலக் குழி அப்படியே நின்றது. பார்த்துக்கொண்டேயிருந்தேன், நிரம்பவேயில்லை.

அங்கம்மாவைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். என்னென்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். காலையில் எருமைப் பாலில் முட்டை அடித்து ஊற்றியிருக்கிறார்கள். ஆட்டுக்கால் சூப்பு வைத்து வெள்ளைத் துணியில் வடிகட்டி ஊற்றியிருக்கிறார்கள். வெல்லம் போட்ட கேழ்வரகுக் கஞ்சி, டப்பா டப்பாவாக குளுக்கோஸ். சொந்தக்காரர் யார் வந்தாலும் வெறுங்கையோடு வரவில்லை, வந்தவர்கள் எல்லோரும் தங்கள் கையால் ஒரு புனல் ஊற்றிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். வாயால் தின்றால் ஒரு இடத்தில் போதும் என்று தோன்றும், தலையை ஆட்டலாம், துப்பலாம். குழாயில் ஊற்றுவதற்கு அதெல்லாம் ஏது? ஊற்ற ஊற்ற இறங்கியது.

"காலைப் பாத்துக்கோன்னு சொன்னேனேடி!"

"பாத்தேன்க்கா. மொதல்ல பாதம் லேசா உப்பிச்சி. அத்த கையில சொன்னேன். 'அது சதைடி, இத்தினி நாளு எலும்பையே பாத்துகினு இருந்தல்ல, உனுக்கு சதை எப்பிடி இருக்கும்னே மறந்து பூட்ச்சி'ன்னாங்க. எனுக்கும்..." அவள் அழ ஆரம்பித்தாள். "எனுக்கும் சதைன்னு நெனைக்கத்தான் ஆசையா இருந்திச்சி. வெளிய யாரு கையிலயாவது கேக்கலாம்னா, கண்ணு பட்டுடும், வாயத் தொறக்காதன்னு சொல்லிட்டாங்க."

அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. "அவருக்குத் துணி மாத்து. இனிமே ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. நான் போய் கார் கொண்டாரேன்" என்றேன்.

கோயிலுக்கு ஓடினேன். அத்தையிடம் நேராகச் சொன்னேன், "அது சதை இல்ல அத்தே. நீரு. டாக்டரம்மா சொன்ன அதே வீக்கம். இப்பவே இட்டுகினு போவணும்."

துடுப்பு நின்றது. அவள் கண்ணில் ஒரு நொடி பயம் வந்ததை நான் பார்த்தேன். ஆனால் சுற்றிலும் ஊர்ச் சனம், தலைக்கு மேல் ஒலிபெருக்கி, கொதிக்கிற பானை. பயத்தை அவள் முழுங்கிவிட்டாள்.

"பாத்தியா, கண்ண வெச்சிட்டல்ல? இதுக்குத்தான் யாரையும் உள்ள உடாம இருந்தேன்." பிறகு குரல் இறங்கிக் கெஞ்சலாயிற்று. "எல்லம்மா, ஆத்தாளுக்கு வாக்கு குடுத்துகீறேன். மொதக் கூழு அவனுக்கு. அது உள்ள போவட்டும், அப்றம் எங்க ஓணாலும் இட்டுகினு போ. நா குறுக்க நிக்க மாட்டேன். குடுத்த வாக்க மீறினா அவ சும்மா உடுவாளா?"

"ஊத்தினா செத்துடுவாரு அத்தே!"

அவ்வளவு சத்தமாக நான் சொல்லியிருக்கக் கூடாது போலிருக்கிறது. சாமி இடத்தில் சாவைச் சொல்கிறாளே என்று நாலைந்து பெண்கள் என்னைப் பிடித்து ஒதுக்கிவிட்டார்கள். சண்டைக்கு நிற்காமல் கூட்டுரோட்டுக்கு ஓடினேன். ஆடி ஞாயிறு, திருவேற்காடு, மாங்காடு அம்மன் கோயில்களுக்குப் போகிற கூட்டம், ஒரு வண்டி கிடைக்கவில்லை. ஒரு அம்பாசடர்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்தபோது அங்கம்மா கையில் காலிச் சொம்பு. உதடு வெளுத்துப் போய் நின்றாள். ஜம்புலிங்கத்தின் மடியில் வேப்பிலை. அத்தை கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டிருந்தாள்.

"யாருடி ஊத்தினது?"

ஜம்புலிங்கம்தான் பேசினார்.

"நாந்தாங்க்கா... ஊத்தச் சொன்னேன். அம்மாவாண்ட எதுக்கு சண்ட போடணும்... தட்டுல சொம்ப வெச்சிகினு அது நின்னுகினே இருந்திச்சி. எத்தினி நேரந்தான் நிக்கும்? எதுவானாலும் ஆஸ்பத்திரிக்குத்தான போறோம். இவள ஊத்தச் சொன்னேன்."

காரின் பின் சீட்டில் அவரை நடுவில் உட்கார வைத்தோம். ஒரு பக்கம் அங்கம்மா, ஒரு பக்கம் அத்தை. நான் முன்னால். பூந்தமல்லி நெரிசலைத் தாண்டவே யுகமாயிற்று. திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கை விரல்கள் தானாக இழுத்து மடங்கின. நெஞ்சுக்குள் என்னவோ குதிக்கிறது என்றார், பிறகு, "வண்டிய ஏன் நிறுத்திட்டாங்க?" என்றார். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வேலப்பன்சாவடி தாண்டும்போது அத்தை, "தூங்கறான் பாரு, பாவம், ராவெல்லாம் தூங்கல" என்றாள். அங்கம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு டிரைவருக்கு மேலே இருந்த கண்ணாடி வழியாக என்னையே பார்த்தாள். வானகரம் வரும்போது எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் ஆஸ்பத்திரி வரைக்கும் போனோம். டாக்டரம்மா வந்து கையை வைத்துப் பார்த்தாள். யாரையும் அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

மறுநாள் பாரிவாக்கத்தில் ஊரே கூடியது. வந்த பெண்கள் எல்லோரும் அத்தையைக் கட்டிக்கொண்டு ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள். பட்டினியில் போகாமல் வயிறார வாங்கிக்கொண்டு போனானே, ஆத்தா கூழ் உள்ளே இறங்கித்தானே போனான், அந்தக் கொடுப்பினை யாருக்கு வரும்? பூரித்த அந்த முகத்தைப் பார்த்து, "தூங்கற மாதிரி கீதுடி, நல்லா தேறின முகம்" என்று அழுதார்கள். அத்தை ஒவ்வொரு தடவையும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தூக்குவதற்கு முன்னால் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். பங்காளிகள் வரிசையாக வந்தார்கள். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அங்கம்மா அதுவரை அழவில்லை. முதல் ஆள் தட்டிலிருந்து கை நிறைய அரிசியை அள்ளிக் குனிந்தார். அங்கம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சமா போடுங்க மாமா," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. நாலு அரிசியை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்தார். அடுத்தவர் வந்தார். "கொஞ்சமா" என்றாள். அதற்கடுத்தவரிடமும் அதையே சொன்னாள். சத்தமே இல்லாமல், வீட்டுக்கு வந்தவர்களிடம் சாதாரணமாகச் சொல்வது போலத்தான் சொன்னாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள்.

கடைசியில் அத்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். அவள் கையிலும் யாரோ அரிசியைத் திணித்தார்கள். அவள் குனிந்தாள்.

"கொஞ்சமா அத்தே," என்றாள் அங்கம்மா. "கொஞ்சங்கொஞ்சமா."

முத்தம்மாள் அத்தை அவளையே பார்த்தாள். பிறகு மகனின் முகத்தைப் பார்த்தாள். குனிந்து, வீங்கின அந்தக் கன்னத்தில் கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்தினாள். விரலை எடுத்தாள். எவ்வளவு நேரம் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று தெரியவில்லை. அரிசியை மூடிய அவள் மறுகை அப்படியே இருந்தது. அரிசியைப் போடச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை.